ஒலிம்பியாட்டா, ஆய்வுத் திட்டமா, உயர்தரம் மட்டும் போதுமா? மலையகப் பிள்ளைகளுக்கான ஒரு ஒப்பீடு

"மகள் பத்தாம் ஆண்டு. விஞ்ஞானத்தில் எந்தத் தவணையிலும் தொண்ணூறுக்குக் கீழே வந்ததில்லை. ஒலிம்பியாட் என்று ஒன்று இருக்கிறதாமே, அதற்குப் போடலாமா?" தலவாக்கலையோ மஸ்கெலியாவோ பண்டாரவளையோ, பெற்றோரின் கேள்வி ஏறக்குறைய இப்படித்தான் வருகிறது. பிள்ளைகள் கேட்டால் இன்னும் நேரடியாக இருக்கும்: "சேர், மெத்ஸா, பிசிக்ஸா, பயோவா? எதுல சான்ஸ் கூட?"

ஒலிம்பியாட் என்பவை பாடசாலைப் பிள்ளைகளுக்கான சர்வதேசப் பாடப் போட்டிகள். சான்ஸ் எதிலும் மிகக் குறைவு. சர்வதேசக் கணித ஒலிம்பியாட்டுக்கு ஒரு நாடு 6 பேரை அனுப்பலாம். பௌதிகவியலுக்கு 5, இரசாயனவியலுக்கும் உயிரியலுக்கும் தலா 4, கனிஷ்ட விஞ்ஞானத்துக்கு 6. முழு இலங்கையில் இருந்தும் போகிறவர்களைக் கூட்டினாலும் ஒரு வகுப்பறை நிரம்பாது. எதில் வெல்லலாம் என்று யோசிக்கத் தொடங்கினால் முடிவே வராது. முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிட்டால், படித்ததில் எவ்வளவு பிள்ளையிடம் மிஞ்சும் என்று கேட்டுப் பாருங்கள், தெரிவுகள் சட்டென்று பிரிந்துவிடும். இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியின் பக்கமே சாய்ந்து எழுதப்பட்டது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

வயதும் வகுப்பும். சில போட்டிகளுக்கு வயதெல்லை கறார். ஒரு வருடம் பிந்தினால் அவ்வளவுதான்.

உயர்தரப் பாடத்தோடு ஒட்டு. போட்டிக்குப் படிப்பது உயர்தரத்துக்கும் உதவுமா, அல்லது தனிப் பாரமா?

மொழி. இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. சர்வதேச ஒலிம்பியாட்டுகளில் வினாத்தாளை அந்தந்த நாட்டுக் குழுத் தலைவர்கள் மாணவரின் மொழிக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்பதே விதி. தமிழில் படித்த பிள்ளைக்கு ஆங்கிலம் பரீட்சை மண்டபத்தில் பெரிய தடையாக வராது. தயாரிப்பில்தான் வரும். நல்ல பயிற்சிக் கணக்குகள், பழைய வினாத்தாள்கள், விளக்கக் காணொளிகள் எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் கிடக்கின்றன. இலங்கைக்குள் நடக்கும் சுற்றுகளுக்கு எந்தெந்த மொழியில் வினாத்தாள் வரும் என்பதை அந்த வருடத்து அறிவித்தலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வரும் செலவு. விண்ணப்பக் கட்டணத்தை விடுங்கள். பொகவந்தலாவைப் பிள்ளைக்குக் காலை 9 மணிப் பரீட்சை கொழும்பில் என்றால் முதல் நாளே கிளம்ப வேண்டும். பிள்ளையைத் தனியே விட முடியாது, அம்மாவும் போக வேண்டும். சனிக்கிழமை என்றால் தோட்டத்தில் வேலை நாள், அம்மாவுக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும். தங்க உறவினர் வீடு இல்லாவிட்டால் செலவு இன்னும் ஏறும். கண்டியில் நிலையம் போடும் போட்டி என்றால் இதில் பாதி குறையும். ஆகவே அமைப்பாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "பரீட்சை நிலையம் எங்கே?"

தோற்றால் மிஞ்சுவது. மற்ற நான்கையும் ஒரு தட்டில் வைத்து இதை மட்டும் மறு தட்டில் வைத்தாலும், எனக்கு இதுதான் கனம்.

| தெரிவு | ஏற்ற காலம் | உயர்தரத்தோடு ஒட்டு | மறைந்த செலவு | தோற்றால் மிஞ்சுவது |
|---|---|---|---|---|
| கணித ஒலிம்பியாட் | 8 முதல் 11ஆம் ஆண்டு | குறைவு | வழிகாட்ட ஆளில்லாத தனிமை | நிறுவி எழுதும் பழக்கம் |
| கனிஷ்ட விஞ்ஞானம் | 9, 10ஆம் ஆண்டு | நடுத்தரம் | சாதாரண தரத்தோடு மோதல் | எந்தப் பிரிவு என்ற தெளிவு |
| பௌதிகவியல் | 12ஆம் ஆண்டு, கணிதப் பிரிவு | நல்ல ஒட்டு | நுண்கணிதம், ஆய்வுகூடம் | அளக்கும் கை |
| உயிரியல் | 12ஆம் ஆண்டு, உயிரியல் பிரிவு | மிக நெருக்கம் | ஆங்கிலப் புத்தகம் | நேரடியாக உயர்தரப் புள்ளி |
| ஆய்வுத் திட்டம் | 9 முதல் 12 | இல்லை என்றே சொல்லலாம் | பல மாதங்கள், முன் அனுமதி | காட்டக்கூடிய ஒரு வேலை |
| உயர்தரம் மட்டும் | 13ஆம் ஆண்டு | முழுமை | தெரியாமலே போகும் வாய்ப்பு | இசட் புள்ளி |

## கணித ஒலிம்பியாட்

1959இல் ருமேனியாவில் தொடங்கியது, எல்லாவற்றிலும் மூத்தது. இரண்டு நாள், நாளுக்கு 3 கணக்கு, ஒவ்வொரு நாளும் நாலரை மணி நேரம். ஒரு கணக்குக்கு 7 புள்ளி, மொத்தம் 42. உள்ளூர் முதல் சுற்று இவ்வளவு பயங்கரமாக இருக்காது. ஆனால் கணக்கின் ரகம் அதேதான்.

அந்த ரகம் என்ன என்று காட்ட ஒன்று: 2ஐ நூறு தடவை தன்னாலேயே பெருக்கி வரும் எண்ணை 7ஆல் வகுத்தால் மீதி என்ன? கல்குலேட்டரில் அடிக்க முடியாது, எண் திரையில் அடங்காது. 2, 4, 8, 16, 32, 64 என்று எழுதி ஒவ்வொன்றையும் 7ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி 2, 4, 1, 2, 4, 1 என்று மூன்று மூன்றாகச் சுற்றுகிறது. 100இல் 33 முழுச் சுற்றுப் போக ஒன்று எஞ்சும். ஆகவே மீதி 2. எட்டாம் ஆண்டுப் பிள்ளைக்கு இதற்கு வேண்டிய அறிவு எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது பழக்கம்.

நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு அனுகூலம் உண்டு. சாதாரண தரக் கணிதத்தில் வட்ட நாற்பக்கல், தொடலி, நாண் என்று தேற்றங்களை நிறுவி எழுதும் கேத்திரகணிதம் இன்னும் இருக்கிறது. டியூஷனில் அதை மனப்பாடம் செய்து கடக்கிறார்கள், அது வேறு கதை. பாடத்தை உண்மையாகப் படித்த பிள்ளைக்கு ஒலிம்பியாட் கேத்திரகணிதத்தில் பாதி வழி திறந்திருக்கும்.

மறைந்த செலவு தனிமை. எண் கோட்பாடும் சேர்மானவியலும் (எத்தனை வழி என்று எண்ணும் கணிதம்) உயர்தர இணைந்த கணிதத்தில் பெரிதாக வருவதில்லை. அதனால் பாடசாலையில் கேட்க ஆள் கிடைப்பது கஷ்டம். ஒரு கணக்கோடு இரண்டு நாள் மல்லுக்கட்டி விடை வராமல் போனாலும் மூன்றாம் நாள் மறுபடி உட்காரும் பிள்ளைக்குத்தான் இது சரிப்படும். புள்ளி வாங்கிப் பழகிய எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தப் பொறுமை இருப்பதில்லை, அது குற்றமும் இல்லை. 12ஆம் ஆண்டுக்குப் பிறகு புதிதாக இதைத் தொடங்குவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

செலவு குறைந்த தெரிவு என்று பார்த்தால் இதுதான். கொப்பியும் பென்சிலும் போதும். ஆய்வுகூடம் இல்லாத தோட்டப் பாடசாலைப் பிள்ளையும் கொழும்புப் பிள்ளையும் கருவி விஷயத்தில் சமமாக உட்காரும் ஒரே போட்டி.

## கனிஷ்ட விஞ்ஞான ஒலிம்பியாட்

2004இல் ஜகார்த்தாவில் தொடங்கியது. பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் மூன்றும் கலந்து வரும். பல்தேர்வு, கோட்பாடு, செய்முறை என்று மூன்று பரீட்சை. போட்டி நடக்கும் வருடம் டிசம்பர் 31 அன்று பிள்ளைக்கு 16 நிறைந்திருக்கக் கூடாது. வழக்கமான வயதில் முதலாம் ஆண்டு சேர்ந்த பிள்ளைக்குப் பத்தாம் ஆண்டோடு கதவு மூடிவிடும். பத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் பிந்திவிடும், ஒன்பதிலேயே தொடங்க வேண்டும்.

மலையகத்தில் இதற்கு வேறு இடத்தில் இல்லாத ஒரு பயன் இருக்கிறது. உயர்தர விஞ்ஞானப் பிரிவு 1ஏபி பாடசாலைகளில் மட்டும்தான். நம் தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை அந்த வகையில் இல்லை. சாதாரண தரம் முடிந்ததும் பிள்ளையை ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ அனுப்புவதா, போர்டிங்கில் விடுவதா, கலைப் பிரிவிலேயே இங்கே வைத்துக்கொள்வதா என்று குடும்பம் முழுக்கத் தடுமாறும். மூன்று பாடத்தையும் சாதாரண தரத்துக்குக் கொஞ்சம் மேலே போய்ப் பார்த்த பிள்ளைக்கு, இரண்டு வருடம் இதைத்தான் படிக்கப் போகிறேனா என்பது முன்பே தெரிந்துவிடும். சோர்ந்துபோனாலும் அது நல்ல பதில்தான். போர்டிங் காசு கட்டிய பிறகு தெரிவதைவிட இப்போது தெரிவது மேல்.

பதினோராம் ஆண்டு தொடங்கிய பின்னும் பத்தாம் ஆண்டுப் போட்டியின் அடுத்த சுற்றுகள் இழுத்துக்கொண்டு போகலாம். ஆகவே திகதிகளை முதலில் பாருங்கள்.

## பௌதிகவியல், கூடவே வானியல்

சர்வதேசப் பௌதிகவியல் ஒலிம்பியாட் 1967இல் வார்சோவில் தொடங்கியது. கோட்பாட்டுக்கு 30 புள்ளி, செய்முறைக்கு 20. அந்த 20இல்தான் நம் பிள்ளைகள் திணறுவார்கள். நம் உயர்தரப் பௌதிகவியலில் தனியாகச் செய்முறைப் பரீட்சை கிடையாது. பரிசோதனைகளைப் பற்றி அமைப்புக் கட்டுரையில் எழுதினால் போதும். வேணியர் இடுக்கிமானியைக் கையில் பிடிக்காமலே அதன் வாசிப்பைச் சரியாக எழுதும் பிள்ளைகள் உண்டு.

ஆய்வுகூடம் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாதா? முடியும். நூலில் ஒரு கல்லைக் கட்டி லயத்து வாசல் உத்திரத்தில் தொங்கவிடுங்கள். நீளத்தை 20 சென்ரிமீற்றரில் இருந்து ஒரு மீற்றர் வரை மாற்றி, ஒவ்வொன்றுக்கும் 20 அலைவு எடுக்கும் நேரத்தைப் போனில் அளந்து 20ஆல் வகுங்கள். அலைவு நேரத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிரே வரைந்தால் நேர்கோடு வரும். சாய்வு ஏறத்தாழ 4 வர வேண்டும். வேறு எண் வந்தாலோ, கோடு பூச்சியப் புள்ளியைத் தவறவிட்டாலோ ஏன்? கல்லின் நடுவில் இருந்து அளந்தாயா, முடிச்சில் இருந்து அளந்தாயா? முழு அலைவை எண்ணினாயா, அரையை எண்ணினாயா? செய்முறைப் பரீட்சை கேட்பது இந்தக் கேள்விகளைத்தான். கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை செல்சியசுக்குப் பக்கத்தில் கொதித்துவிடும். பருப்பு வேக நேரம் எடுப்பதற்குக் காரணம் வீட்டு அடுப்பிலேயே இருக்கிறது. கொழும்புப் பிள்ளைக்கு இந்த வசதி இல்லை!

மறைந்த செலவு நுண்கணிதம். உயர்தரப் பௌதிகவியலை நுண்கணிதம் இல்லாமல் முடித்துவிடலாம், ஒலிம்பியாட்டில் அது நடக்காது. இணைந்த கணிதம் எடுக்கும் பிள்ளைக்கு எப்படியும் வரும் பாடம், ஆறு மாதம் முன்னால் தொட்டால் போதும். உயிரியல் பிரிவுப் பிள்ளைக்கு அது முற்றிலும் புதிய சுமை. அவர்களுக்கு இந்தப் போட்டியைச் சொல்லவே மாட்டேன்.

வானியல் ஒலிம்பியாட்டில் ஆசை வரும் பிள்ளைகள் நிறைய. 2007இல் தாய்லாந்தின் சியாங் மாயில் தொடங்கிய வானியல், வான்பௌதிகவியல் ஒலிம்பியாட்டில் வானத்தைப் பார்த்து அடையாளம் காணும் பகுதியும் உண்டு. நம் அகலாங்கு 7 பாகை என்பதால் தெற்கே தென்சிலுவையும் தெரியும், வடக்கே துருவ நட்சத்திரமும் 7 பாகை உயரத்தில் இருக்கும். பெரும்பாலான தோட்டங்களில் அதை எதிர்மலை மறைத்துவிடும் என்பது ஒரு சோகம். தென்மேல் பருவம் பிடித்தால் ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை வானமே இல்லை. அதே மாதங்களில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் நன்றாக வெளித்துக் கிடக்கும். ஊவாப் பிள்ளை துணிந்து போடலாம்.

## உயிரியல்

உயர்தரத்தோடு இவ்வளவு நெருங்கிய போட்டி வேறில்லை. 1990இல் செக்கோஸ்லோவாக்கியாவின் ஒலமோட்சில் தொடங்கிய சர்வதேச உயிரியல் ஒலிம்பியாட்டில் கோட்பாட்டு வினாக்கள் பிரியும் விதத்தைப் பாருங்கள்: விலங்கு உடலமைப்பும் உடற்றொழிலும் 25 சதவீதம், கலவியல் 20, பிறப்புரிமையியலும் கூர்ப்பும் 20, தாவர உடலமைப்பும் உடற்றொழிலும் 15, சூழலியல் 10, விலங்கு நடத்தை 5, பாகுபாட்டியல் 5. விலங்கு நடத்தையைத் தவிர மற்றதெல்லாம் 12, 13இல் எப்படியும் படிக்க வேண்டியவை. போட்டியில் எங்கே வெளியே வந்தாலும் படித்தது உயர்தர வினாத்தாளில் திரும்பக் கிடைக்கும். இலங்கையில் இதை நடத்துவது இலங்கை உயிரியல் நிறுவகம்.

உலகம் முழுக்க இதற்கு அடிப்படைப் புத்தகம் கெம்பலின் உயிரியல். தடித்த ஆங்கிலப் புத்தகம், விலையும் தடித்தது. பழைய பதிப்பு ஒன்று கிடைத்தால் போதும், முழுக்க வாசிக்கவும் வேண்டாம். படங்களைப் பார்த்து, தமிழில் படித்த பாடத்தோடு சொல்லுக்குச் சொல் பொருத்திக்கொண்டு போனால், பல்கலைக்கழக முதலாம் வருட ஆங்கிலப் பாரமும் கொஞ்சம் குறையும். மருத்துவபீடத்துக்கு மூச்சைப் பிடித்து ஓடும் பிள்ளைக்குக்கூட இது வழியை மறிக்காது.

இரசாயனவியலைப் பற்றிச் சுருக்கமாக: கணிதம், உயிரியல் இரண்டு பிரிவுக்கும் பொது. சர்வதேசப் போட்டியை நடத்தும் நாடு பல மாதங்களுக்கு முன்பே பயிற்சிக் கணக்குகளை இணையத்தில் இலவசமாக வெளியிடும். கடினம், ஆங்கிலம். ஆர்வம் உள்ள பிள்ளை தானே தேடிப் போகும், தள்ளிவிடத் தேவையில்லை.

## ஆய்வுத் திட்டமும் கண்டுபிடிப்பும்

பரீட்சை என்றால் கை நடுங்கும், ஆனால் உடைந்த ரேடியோவைக் கழற்றிப் போட்டு மறுபடி பூட்டும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை ஒலிம்பியாட்டில் உட்காரவைப்பது பாவம். இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் நடத்தும் விஞ்ஞான, பொறியியல் கண்காட்சி அவர்களுக்கானது. அதில் தெரிவாகும் திட்டங்கள் அமெரிக்காவில் மே மாதம் நடக்கும் சர்வதேசக் கண்காட்சி வரை போகலாம். தனியாகவும் செய்யலாம், மூன்று பேர் வரை குழுவாகவும் செய்யலாம். இலங்கைப் புத்தாக்குநர் ஆணைக்குழுவும் கண்டுபிடிப்புக் கண்காட்சிகள் நடத்துகிறது.

ஆய்வுக்கு விஷயம் தேடி நம் பிள்ளைகள் வெளியே போகத் தேவையே இல்லை. தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தலவாக்கலையில்தான் இருக்கிறது. தேயிலை அமில மண்ணை விரும்பும். ஒரே மலையில் மேலும் கீழும் பிஎச் எப்படி மாறுகிறது என்பதே ஒரு ஆய்வு. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை நாம் மறந்துவிடவில்லை. மண்சரிவு அபாயத்துக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம் என்று மட்டங்கள் வைத்திருக்கிறது. வாய் வெட்டிய சோடாப் போத்தலில் மழைமானி செய்து, தன் டிவிசனில் மேட்டு லயத்திலும் பள்ளத்து லயத்திலும் ஒரு பருவம் முழுக்க அளந்து எழுதும் பிள்ளையின் கையில், பக்கத்து நகரத்து மழைமானி காட்டாத தரவு இருக்கும். நடுவர் முன் நின்று பேசும்போது அந்தப் பிள்ளைக்கு மனப்பாடம் தேவைப்படாது.

மறைந்த செலவுகள் இரண்டு. முதலாவது முன் அனுமதி. சர்வதேசக் கண்காட்சியின் விதிப்படி மனிதரையோ முதுகெலும்புள்ள விலங்கையோ வைத்துச் செய்யும் ஆய்வுக்கு, வேலை தொடங்கும் முன்பே குழுவின் ஒப்புதல் வேண்டும். லயத்து ஆட்களிடம் கேள்விக்கொத்து கொடுத்துச் செய்யும் கருத்தாய்வும் இதில் சேரும். செய்து முடித்துவிட்டுக் கையெழுத்துத் தேடினால் திட்டம் வெளியே. இரண்டாவது, பெரியவர்கள். பாடசாலைக்குப் பெயர் வர வேண்டும் என்று ஆசிரியரே செய்து கொடுத்த மாதிரிகளை ஒரு கண்காட்சியில் பார்த்தேன். நடுவர் இரண்டாவது கேள்வி கேட்டதும் பிள்ளை திரும்பி ஆசிரியரைப் பார்த்தது. வெட்கப்பட வேண்டியவர் அந்தப் பிள்ளை இல்லை.

உயர்தரப் புள்ளிக்கு இது ஒன்றும் சேர்க்காது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கோ புலமைப்பரிசிலுக்கோ விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் மட்டும், இதுவும் ஒலிம்பியாட் பதக்கமும் காட்டக்கூடிய பொருள்.

## உயர்தரம் மட்டும்

இதையும் ஒரு தெரிவாகத்தான் வைக்கிறேன், சோம்பேறித்தனமாக அல்ல. அரச பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில், மீதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு, கண்டி இல்லை. முடிவு செய்வது இசட் புள்ளி. ஒலிம்பியாட் பதக்கம் அந்த எண்ணைக் கூட்டாது. வெட்டுப்புள்ளி ஓரத்தில் நிற்கும் பிள்ளைக்கு ஒரு பாடத்தில் இழக்கும் சில புள்ளிகள் பீடத்தையே மாற்றிவிடும். ஆகவே 13ஆம் ஆண்டுப் பிள்ளை கேட்டால் என் பதில் ஒன்றுதான்: வேண்டாம்.

சொந்த ஊரில் விஞ்ஞானப் பிரிவு இல்லாமல் புதுப் பாடசாலைக்குப் போய், விடுதிச் சாப்பாட்டுக்கும் புது ஆசிரியருக்கும் பழகிக்கொண்டிருக்கும் 12ஆம் ஆண்டுப் பிள்ளைக்கும் முதல் இரண்டு தவணைக்கு இதே பதில்தான். அப்புறம் மூச்சு விட நேரம் கிடைத்தால் உயிரியலோ பௌதிகவியலோ பார்க்கலாம்.

## பிள்ளையைப் பார்த்து முடிவு

எட்டு, ஒன்பதில் கணக்கு என்றால் சாப்பாட்டை மறக்கும் பிள்ளைக்குக் கணிதம். ஒன்பதில் எல்லாவற்றிலும் ஆர்வம், எந்தப் பிரிவு என்று தெரியாது என்றால் கனிஷ்ட விஞ்ஞானம். பன்னிரண்டில் உயிரியல் பிரிவு என்றால் உயிரியல், யோசிக்கவே வேண்டாம். பன்னிரண்டில் கணிதப் பிரிவு, வீட்டில் பொருட்களை அளந்து பார்க்கும் கை இருந்தால் பௌதிகவியல், இல்லாவிட்டால் உயர்தரம். கொழும்புக்குப் போய்வரக் காசு இல்லாத வீடு என்றால், கண்டியில் நிலையம் உள்ள போட்டி எதுவோ அது. இரண்டு போட்டிக்குச் சேர்த்துப் போடும் ஆசையை மட்டும் அடக்கிவிடுங்கள்.

விண்ணப்பங்கள் பெரும்பாலும் பாடசாலை வழியாகவே போகும். சுற்றறிக்கை அதிபரின் மேசையோடு நின்றுவிடுவதும் நடக்கிறது, அதனால் வலயக் கல்விப் பணிமனையின் விஞ்ஞானப் பாட ஆசிரிய ஆலோசகரிடமும் கேட்டு வையுங்கள். வெளிநாடு வரை போகும் நிலை வந்தால் தங்குமிடமும் சாப்பாடும் பொதுவாக நடத்தும் நாட்டின் பொறுப்பு. விமானச் சீட்டு யாருடைய பொறுப்பு என்பதை அமைப்பாளரிடம் முதல் சுற்றுக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். பிறப்புச் சான்றிதழிலும் பாடசாலைப் பதிவேட்டிலும் அடையாள அட்டையிலும் பிள்ளையின் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்றும் இப்போதே பாருங்கள். நம் பக்கத்துப் பதிவுகளில் ஒரே பிள்ளை மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பது சாதாரணம். அதைத் திருத்த மாதக்கணக்கில் ஆகும், பாஸ்போர்ட் எடுக்கும் வாரத்தில் அதற்கு நேரம் இருக்காது.